பஞ்சுக்கு வந்த சம்பந்தம்

எதிர்வரிசை பேக்கரிக்காரி அன்றைக்குச் சோபா பழுதுபார்க்கிற கடைக்குள் வந்த தோரணையே வேறாக இருந்தது. எப்போதும் தெருவில் நின்றபடியே குரல் கொடுத்துவிட்டுப் போகிறவள், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையில் ஒரு கேக் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். சோபாக்காரர் அப்போது ஒரு பழைய சாய்வு நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு அடித்துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் நாலைந்து முனையாணிகள் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். தரையில் உட்கார்ந்து பழைய தேங்காய் நாரை உதறிக்கொண்டிருந்த அவர் மனைவி, தெருவுக்கெல்லாம் சோபாக்காரம்மா, புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். மகள் ஜன்னலோரத் தையல் மெஷினை நிறுத்தினாள்.

“அண்ணே, மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கேன்” என்றாள் பேக்கரிக்காரி.

அந்த வீட்டில் கட்டிக்கொடுக்க ஆண்பிள்ளை யாரும் கிடையாது. ஒரே மகள், அவளும் லிப்ட் மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டு மாடி அறையிலேயே குடித்தனம் நடத்துகிறாள். சோபாக்காரம்மா புரியாமல் விழிக்க, பேக்கரிக்காரி குனிந்து துணி வெட்டும் மேசைக்கு அடியில் விரலை நீட்டினாள். அங்கே கழிவு ஸ்பாஞ்சுத் துண்டுகளைக் குவித்து மெத்தையாக்கிக்கொண்டு, ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி பஞ்சு படுத்திருந்தது.

பஞ்சு இந்த வீட்டுக்கு வந்ததே ஒரு சோபாவோடுதான். ஊரை விட்டுப் போகிற குடும்பம் ஒன்று, பழைய சோபாவை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனபோது, அதன் மேல் தூங்கிக்கொண்டிருந்த குட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனது. தேன் நிறம், நீண்ட முடி, மடங்கிய காது. நல்ல சாதி நாய் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சோபாக்காரருக்குச் சாதியெல்லாம் தெரியாது. பிய்த்துப்போட்ட பஞ்சுக்குள் புரண்டு, மூக்கு நுனி மட்டும் தெரிய நின்றதைப் பார்த்துப் பெயர் வைத்தார். வளர்ந்த பிறகு தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிற அழகு வந்துவிட்டது. கடைக்கு வேலை கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் பஞ்சுவைத் தடவ வருகிறவர்கள் என்பார் சோபாக்காரர்.

பேக்கரிக்காரியிடம் பிஸ்கட் என்றொரு பெண் நாய் இருந்தது. கணவன் போன பிறகு அவளுக்கு வீட்டில் பேச்சுத்துணை அதுதான். அதனிடம் ஒரு ஈத்துக் குட்டிகள் எடுத்துவிட வேண்டும், ஒன்றைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும், பிஸ்கட்டுக்கும் வயசாகிறதே என்று அவள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பந்தம் கூடிவந்தால், குட்டிகளில் முதல் தேர்வு சோபாக்காரர் வீட்டுக்கு என்றாள்.

சோபாக்காரர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுச் சிரித்தார். மாப்பிள்ளைக்கு என்ன சீர் செய்வீர்கள் என்று கேட்டார். தினம் ஒரு ரஸ்க் பாக்கெட் என்றாள் அவள். பையன் தூங்குமூஞ்சியாச்சே, பொண்ணுக்குச் சம்மதமா என்றார். பொண்ணுதான் ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறது என்றாள். சோபாக்காரம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அவள் மனதுக்குள் தேன் நிறத்தில் ஒரு குட்டி அதற்குள் நடமாட ஆரம்பித்துவிட்டது. இந்த வீட்டில் சின்னதாக எதுவும் ஓடி வெகுகாலம் ஆகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை நாளாகியும் மகள் குழந்தைப் பேச்சையே எடுப்பதில்லை. தாயும் கேட்பதில்லை. கேட்காததற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது.

எதற்கும் இரண்டு நாய்களையும் ஒருமுறை கால்நடை டாக்டரிடம் காட்டிவிடுவோம் என்றாள் பேக்கரிக்காரி. அவள் எடையிலும் அளவிலும் பிழைக்கிறவள். எதையும் கண் மதிப்பில் விடமாட்டாள்.

பிஸ்கட்டைக் காட்டியாயிற்று, குறையொன்றுமில்லை. அடுத்து பஞ்சுவை அழைத்துக்கொண்டு சோபாக்காரர், மனைவி, மகள் மூன்று பேரும் போனார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். நாயோடு பேசிக்கொண்டே பல்லைப் பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்தாள், பின்னங்கால்களை மடக்கி நீட்டினாள். நல்ல பையன், நல்ல பையன் என்றாள். பிறகு ஒரு சின்ன விளக்கைக் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தவள் பேச்சை நிறுத்தினாள். மறு கண்ணையும் பார்த்தாள். இருட்டில் எங்காவது இடித்துக்கொள்கிறதா என்று கேட்டாள்.

சோபாக்காரரை முந்திக்கொண்டு சோபாக்காரம்மாவே பதில் சொன்னாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குமேல் பஞ்சு பின்கட்டுப் படியில் இறங்குவதில்லை. முன்காலை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். சோம்பேறி என்று இவர் திட்டுவார். ஆனால் கால் நீட்டித் தொடுகிற அந்த விதம் அவளுக்குத் தெரியும். அப்படித் தொட்டுப் பார்க்கிற இரண்டு பேரோடு அவள் குடித்தனம் நடத்துகிறாள்.

டாக்டர் அறையின் விளக்கை அணைத்தாள். சோபாக்காரருடைய கை பழக்கப்படி மனைவியின் தோளைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. கதவிடுக்கில் வந்த சொற்ப வெளிச்சத்தில் டாக்டர் ஒரு பஞ்சு உருண்டையை நாயின் மூக்குக்கு முன்னால் விழவிட்டாள். இன்னொன்றை விழவிட்டாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது.

“கண்ணுக்குள்ள இருக்கிற திரை காய்ஞ்சுக்கிட்டு வருது” என்றாள் டாக்டர். “முதல்ல இருட்டுல தெரியாது. அப்புறம் பகல்லயும் போயிடும். வலி இருக்காது, மருந்தும் கிடையாது. இது வம்சத்துல வர்றது. இவனைச் சேர்க்கைக்கு விடாதீங்க. தெரியாம நடந்தா அது வேற. தெரிஞ்சே பண்ணக்கூடாது. இவனோட இது நின்னுடறதுதான் நல்லது.”

சொல்லிவிட்டு விளக்கைப் போட்டாள். அவள் மேல் தப்பொன்றும் இல்லை. அவள் பார்த்தது நாயை மட்டும். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற மகளையோ, மனைவியின் தோளைப் பிடித்தபடி நின்ற அப்பாவையோ அவள் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. ஒரு சின்ன அறுவை செய்துவிட்டால் பிறகு கவலையில்லை, யோசித்துவிட்டு வாருங்கள் என்று அன்பாகவே சொல்லி அனுப்பினாள்.

திரும்பி நடக்கும்போது சோபாக்காரம்மாவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. தெரிஞ்சே.

அவள் தெரிந்தேதான் இந்தக் கல்யாணத்தைச் செய்துகொண்டாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் தெரியாது, பகலிலும் நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் தெரியாது, என் அப்பா கடைசிக் காலத்தில் முழுக்கவே பார்வை இல்லாமல் இருந்தார், பின்னால் ஏமாந்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. அதைச் சொன்ன விதம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தெரிஞ்சே கிணத்துல விழறியேடி என்றாள் அக்கா. தண்ணி நல்லா இருந்தா விழலாம் என்றாள் இவள். அந்தப் பதில் சொந்தக்காரர்கள் நடுவில் வெகுநாள் சுற்றியது. தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைக்கும் வரலாம் என்று கண் டாக்டர் எச்சரித்தபோது மகள் ஏற்கெனவே வயிற்றில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ படம் காட்ட விளக்கை அணைத்தபோது உங்கள் பெண் மட்டும் நாற்காலிகளில் இடித்துக்கொண்டாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்ன நாளில், சோபாக்காரம்மா வீட்டுக்கு வந்து வாசலுக்கும் படிக்கட்டுக்கும் பெரிய பல்பு வாங்கி மாட்டினாள்.

மறுநாள் காலை சோபாக்காரர் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக பேக்கரிக்குப் போனார். திரும்பி வந்து, சம்மதம் சொல்லியாயிற்று என்றார்.

“டாக்டர் சொன்னதைச் சொன்னீங்களா?”

உடம்பு நன்றாக இருக்கிறது, பல் நன்றாக இருக்கிறது, நல்ல பையன் என்று டாக்டரே சொன்னதாகச் சொன்னேன், அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றார். கண்ணைப் பற்றி என்று அவள் இழுத்ததற்கு, கண்ணைப் பற்றி அந்தம்மா கேட்கவில்லை என்றார். சொல்லும்போது சுத்தியலை எடுத்து ஆணியில்லாத இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அவளுக்குக் கோபம் வந்தது. நம்பிக் கேட்டவளிடம் இப்படிச் செய்யலாமா என்றாள். அந்தம்மா ஆசையாக வளர்த்து ஆசையாகக் கொடுக்கப் போகிற குட்டிகள். இரண்டு வருஷம் கழித்து ஒவ்வொன்றாகச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் யார் முகத்தில் விழிப்பது என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“கண்ணு மங்கினவன் வம்சம் அவனோட நின்னுடணும்னா, எங்கப்பாவோடயே நின்னிருக்கணும். நான் இந்தக் கையால எத்தனை வீட்டுக்கு உட்கார இடம் பண்ணிக் கொடுத்திருக்கேன். என் பொண்ணு தையல் மாதிரி இந்தத் தெருவுல யார் போடறா, சொல்லு. அந்த டாக்டரம்மா நின்னுடறது நல்லதுன்னு சொல்றப்போ, அது என் பொண்ணு காதுலயும் விழுந்துச்சு. என் காதுலயும் விழுந்துச்சு. நான் சரின்னு கேட்டுக்கிட்டு வந்துட்டா, அப்போ என்ன அர்த்தம்?”

சோபாக்காரம்மா வாசலைப் பார்த்தாள். தெருவைத் தாண்டினால் பேக்கரி. இரண்டு வார்த்தையில் விஷயம் முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால், அந்த டாக்டர் பக்கம் நின்று இவரைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று இருந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். பேக்கரிக்காரி கண்ணில் பட்டால் உள்ளே போய் நாரை உதறினாள். வேலையில் கை ஓடவில்லை. வெயில் வேறு நாள் முழுக்கத் தகரக் கூரையில் காய்ந்து, கடையெல்லாம் பசையும் ரெக்சினும் கலந்த வாடை ஆளை மூச்சு முட்ட வைத்தது. மகள் தைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலைப்பொழுது பேக்கரிக்காரி பிஸ்கட்டைக் குளிப்பாட்டித் துடைத்து, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். பருவம் வந்துவிட்டது, இன்றைக்கு விட்டால் சரியாக இருக்கும் என்றாள். அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பஞ்சுவுக்கு எப்போதோ வாடை எட்டிவிட்டது. கண்ணைக் கேட்காமல் மூக்கு தன் வேலையைப் பார்த்தது. மேசைக்கு அடியிலிருந்து ஒரே பாய்ச்சலில் வந்த நாயை, மெஷினிலிருந்து எழுந்த மகள் கழுத்துப் பட்டையோடு சேர்த்துப் பிடித்தாள். அது முன்னங்காலைத் தூக்கி நின்றபடி அழுதது. சோபாக்காரர் பின்கட்டுக் கதவைத் திறக்கப் போனார்.

“வேண்டாம் அத்தை” என்றாள் மகள். “பிஸ்கட்டைக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

பேக்கரிக்காரி, ஏண்டி, உன் பிள்ளையை ஒளித்து வைத்துக்கொள்கிறாயா என்று விளையாட்டாகக் கேட்டாள்.

“பஞ்சுக்கு என் கண்ணு, அத்தை. எனக்கும் அப்பாவுக்கும் இருக்கிற அதே கண்ணு. குட்டிங்களுக்கும் வரும்னு டாக்டர் சொன்னாங்க.”

பேக்கரிக்காரி மகளைப் பார்க்கவில்லை. பின்கட்டுத் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்ற சோபாக்காரரைப் பார்த்தாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே” என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போகமாட்டேன் என்று காலைப் பரப்பிய பிஸ்கட்டை வாரித் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்விட்டாள். சோபாக்காரம்மாவுக்கு மூஞ்சியைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தானும்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சோபாக்காரர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். உள்ளே, துணிச்சுருள்கள் அடுக்கிய தடுப்புக்குப் பின்னால் போய், நேற்றே பிய்த்து முடித்திருந்த ஒரு நாற்காலியில் இன்னும் ஏதோ பிய்க்க இருப்பதைப் போல உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு அப்புறம் என்றார். பஞ்சுவை மேசைக் காலில் கட்டிப்போட்டார்கள். அது வாசலைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு ஓயாமல் புலம்பியது. அதன் ஆசையை யாரும் கேட்கவில்லையே என்று சோபாக்காரம்மாவுக்கு அதன் மேலும் பரிதாபமாக இருந்தது. ஒரு ரஸ்க்கைப் பாலில் நனைத்து வைத்தாள். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் ஒரு பெரிய சோபாவின் மெத்தைகளுக்குக் கைத்தையல் போட வேண்டியிருந்தது. தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது தாய், தையல் மகள். விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்து அவள் போடுகிற தையல் கோடு போட்ட மாதிரி ஓடும். பாதி மெத்தை முடிந்ததும், தலையை நிமிர்த்தாமலே மகள் கேட்டாள்.

“எனக்கப்புறம் நீங்க இன்னொரு பிள்ளை வேண்டாம்னு விட்டது இதனாலயாம்மா?”

சோபாக்காரம்மாவின் கையிலிருந்த நூல் ஊசிக்கண்ணைத் தவறவிட்டது. இத்தனை வருஷத்தில் மகள் இதைக் கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்கென்று அவளும் பல பதில்கள் தயார் செய்து வைத்திருந்தாள். வருமானம் போதவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று. எல்லாம் மறந்துபோயிற்று.

“ஆமா” என்றாள். “உன்னை வேண்டாம்னு ஒரு நாளும் நினைச்சதில்லடி. பயந்துட்டேன். நீ முதல் தடவை படியில விழுந்த அன்னிக்கு, இன்னொண்ணு இப்படி விழுந்தா நான் தாங்க மாட்டேன்னு தோணிச்சு. உனக்காகப் பயந்தேன்னு சொல்லணும். ஆனா எனக்காகத்தான் பயந்தேன்.”

மகள் தலையை ஆட்டினாள். சண்டைக்கு வரவில்லை. நானும் வீட்டுக்காரரும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றாள். போன மாதம் கண் டாக்டரிடம் இருவரும் போய் வந்ததாகவும், வரலாம், வராமலும் போகலாம் என்று அவர் சொன்னதாகவும் சொன்னாள்.

“எனக்கு ஒரு பிள்ளை வேணும்மா” என்றாள்.

சோபாக்காரம்மா மனதில் இருந்ததை அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள். “அப்போ காலையில ஏண்டி அப்படிச் சொன்னே? பஞ்சுக்கு ஆகாதது உனக்கு ஆகுமா?”

கேட்ட பிறகுதான் எவ்வளவு கொடூரமான கேள்வி என்று உறைத்தது. மகள் ஊசியை மெத்தையில் குத்தி நிறுத்தினாள்.

“பஞ்சுவோட குட்டிங்க எந்தெந்த வீட்டுக்குப் போகும்னு நமக்குத் தெரியுமாம்மா? குட்டியா இருக்கிறப்போ எல்லாரும் தூக்கி வச்சுப்பாங்க. கண்ணு போச்சுன்னா? கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வந்துடுவாங்க. அதுக்கு வந்த வழியும் தெரியாது. அதனாலதான் வேண்டாம்னேன். பஞ்சு மட்டமான நாய்னா சொன்னேன்? அந்த டாக்டர் சொன்னதுக்காகவும் சொல்லல.” அவள் மெத்தை விளிம்பை விரலால் தடவினாள். “என் பிள்ளை என்கிட்டதானே இருக்கும். நான் விடமாட்டேன். நீ என்னை விட்டியா? அப்பா விட்டாரா?”

சோபாக்காரம்மா கையில் இருந்த ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதால் அவளுக்கும் துவாரம் தெரியவில்லை. இரண்டு மூன்று தடவை தவறிய பிறகு, குடும்பக் கண்ணு எனக்கும் வந்துடுச்சு போல என்றாள். மகள் சிரித்துவிட்டாள். தாயும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. அவர் அங்கே இருப்பதை இரண்டு பேருமே மறந்திருந்தார்கள்.

சோபாக்காரர் வெளியே வந்து, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். மகள் தைத்த மெத்தையை எடுத்து விளிம்பில் கட்டைவிரலை ஓடவிட்டுப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். பிறகு பஞ்சுவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் காதைத் தேய்த்துவிட்டார். மன்னிச்சுக்கடா என்று அதனிடம் சொன்னாரா, வேறு எதுவும் சொன்னாரா என்று இவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. திங்கட்கிழமை அறுவைக்குக் கொண்டுபோகலாம், நானே கூட வருகிறேன் என்றார். சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு உள்ளே வந்துவிடுவதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“எங்கே கிளம்பிட்டீங்க?”

“பேக்கரித் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்.”

காலையில் போகலாமே என்றாள். காலையில் வாங்க வருகிறவர்கள் கூட்டம் இருக்கும், நிற்க வைத்துப் பேச முடியாது என்றார். கூட வருகிறேன் என்றாள். வேண்டாம், பொய் சொல்லப் போனபோது தனியாகத்தானே போனேன் என்றார்.

தெருவில் வெளிச்சம் சாம்பலாகிவிட்டிருந்தது. இவளுக்கே எதிர்வரிசைப் பலகை எழுத்து தெரியவில்லை. அவர் படியைக் காலால் தடவி இறங்கி, ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போகும்வரை நின்றார். பிறகு கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நடுத்தெருவில் திசை மாறி, பேக்கரிக்குப் போவதற்குப் பதில் பக்கத்துப் பூட்டிய கடையை நோக்கிப் போனார். சோபாக்காரம்மா பதறிக்கொண்டு இறங்கினாள். பஞ்சுவைப் பிடித்தபடி பின்னால் நின்ற மகள் அவள் முந்தானையை இழுத்தாள்.

“விடும்மா. போயிட்டு வரட்டும்.”

அவர் நின்று காதைச் சாய்த்தார். ரொட்டி அடுக்கும் தட்டுகளின் சத்தம் கேட்டிருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பினார். உள்ளே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரி, தெருவில் வருவது யார் என்று நிமிர்ந்து பார்த்தாள். தட்டை அப்படியே வைத்தாள். பிறகு சுவரோரமாகக் கையை நீட்டி, வழக்கமாகக் கடை கட்டுகிற நேரத்தில் மட்டும் போடுகிற வாசல் விளக்கைப் போட்டாள்.

“படி இருக்கு அண்ணே, பாத்து” என்றாள்.